சவுக்குப் பொடி

படுக்கை விரிப்பைப் பிழிய இரண்டு ஆள் வேண்டும். எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இரண்டு பேரும் தங்கள் வலக்கைப் பக்கமாகவே முறுக்க வேண்டும். அப்போதுதான் நடுவில் துணி எதிரும் புதிருமாகச் சுருண்டு, மலைப்பாம்பு மாதிரி உடம்பை நெளித்துத் தண்ணீரைக் கக்கும். சலவைக்காரியும் அவள் புருஷனும் இருபத்திரண்டு வருஷமாக இப்படி நின்று முறுக்கியவர்கள். அவனுக்குக் கோபமா, பசியா, முந்தின நாள் குடித்தானா என்பதையெல்லாம் அவள் அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. விரிப்பின் இந்த முனையிலிருந்தே தெரிந்துகொள்வாள்.

அன்று காலை அந்த முனை தொய்ந்தது.

"யோவ், தூங்குறியா?"

"புடிச்சுட்டுத்தான இருக்கேன்."

"புடிச்சுட்டு இருக்க. முறுக்கல."

அவன் விரிப்பின் முனையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தான். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. நெஞ்சுக்குள் ஏதோ பூனைக்குட்டி சிக்கிக்கொண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

அவள் தன் முனையைத் தொட்டியில் போட்டுவிட்டு ஓடினாள். முதுகைத் தடவினாள். பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் தடவினாள்.

மூன்றாவது வருஷம் இது. வருஷத்தில் பத்து மாதம் மூட்டை சுமக்கிற ஆள், பனி விலகி வெயில் ஏறுகிற இந்த ஏழெட்டு வாரத்தில் மட்டும் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியாமல் திணறுவான். போன வருஷம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டாவது தடவை உதடு நீலம் பாரித்துவிட்டது. வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவது அவள் தொழில். அந்த நிறம் எவ்வளவு போட்டால் எவ்வளவு ஏறும் என்று அவளுக்குக் கண் மூடிச் சொல்லத் தெரியும். புருஷன் உதட்டில் அதைப் பார்த்த நாளிலிருந்து நீலப் பொட்டலத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிரித்தாள். "இன்னொரு தடவை இவ்வளவு லேட்டா கொண்டுவந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்று டாக்டரம்மா அப்போதே சொல்லிவிட்டாள்.

தெருவில் அவனுக்கு ஏணி என்று பேர். மற்றவர்கள் கவைக்கோல் வைத்து எட்டுகிற மேல்கயிற்றில் இவன் கையாலேயே துணி செருகுவான். அவர்கள் துணி உலர்த்தும் களத்தில் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை ஒன்றாக முறுக்கிக் கட்டி, அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் மூலையைச் செருகிவிடுவார்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது. எடுக்கும்போது ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் கையோடு வரும். நாற்பது விரிப்பை நாற்பது எண்ணுவதற்குள் இழுத்துப் போடுவான் ஏணி.

எதனால் இழுப்பு வருகிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர் பீடி என்றார். பீடியை விட்டான். விரிப்பு துவைக்கக் கொடுக்கிற விடுதிக்காரர் கரி இஸ்திரிப் பெட்டியின் புகை என்றார். கரண்டுப் பெட்டி வாங்கினார்கள். யாரோ பிளீச்சிங் பவுடர் என்றார்கள். அதையும் நிறுத்திவிட்டு, இரண்டு மடங்கு நேரம் வெள்ளாவியில் வேகவைத்துக் கைவலியோடு வெளுத்தாள் அவள். விடவேண்டியதெல்லாம் விட்டாயிற்று. இழுப்பு மட்டும் அவனை விடவில்லை.

அன்றைக்கு மதியம் டாக்டரம்மா முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். உறிஞ்சுகிற மருந்தைக் கையில் கொடுத்து, எப்படி அமுக்கி எப்படி இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த பிறகு டாக்டரம்மா கேட்டாள்:

"எந்த நாள்ல வருது?"

"தினம்தாங்க வருது" என்றான் ஏணி.

"தினம் வராது. நேத்து வந்துச்சா?"

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

"முந்தாநாள்?"

"இவரு எங்கம்மா சொல்றாரு. மூச்சு வாங்குதான்னு கேட்டா இல்லம்பாரு. சுவத்தப் புடிச்சுட்டு நின்னுக்கிட்டே இல்லம்பாரு."

"அப்ப நீங்க பாருங்க. எந்த நாள் வருது, எந்த நாள் வரல, அன்னிக்கு வெயிலா, மழையா, காத்தா, என்ன வேலை செஞ்சாரு. எழுதிட்டு வாங்க."

எழுத அவளுக்கு வராது. கையெழுத்து போடுவாள், அவ்வளவுதான். ஆனால் நாற்பது வீட்டுத் துணியைக் கலந்து துவைத்து, ஒன்றுகூட மாறாமல் திருப்பிக் கொடுக்கிறவள். ஒவ்வொரு வீட்டுக்கும் துணியின் மூலையில் நூலால் ஒரு குறி தைப்பாள். விடுதிக்குச் சிவப்பில் இரண்டு தையல், வாத்தியார் வீட்டுக்குப் பச்சையில் ஒரு பெருக்கல், மருந்துக்கடைக்குக் கறுப்பில் கொக்கி. பார்த்த மாத்திரத்தில் கை பிரித்துப் போடும். அதே வேலையை இப்போது நாளுக்குச் செய்தாள். பழைய தலையணை உறை ஒன்றை எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு கட்டம். வெயிலுக்கு மஞ்சள் நூல், மழைக்கு நீலம், காற்று அடித்தால் கறுப்பில் ஒரு கொக்கி. அவனுக்கு இழுத்தால் சிவப்பில் ஒரு தையல், ரொம்ப இழுத்தால் இரண்டு.

"எனக்கே குறி போட்டுட்டியா?" என்றான் ஏணி.

"தொலைஞ்சு போனா கண்டுபுடிக்கணும்ல."

இப்படி மூன்று வாரம் ஓடியது. உறையில் நூல் ஏறிக்கொண்டே போனது. பார்த்தால் அவளுக்கு ஏதோ புரிகிற மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. நீலம் இருந்த கட்டத்தில் சிவப்பு இல்லை. மஞ்சளும் கொக்கியும் சேர்ந்த கட்டத்தில் சிவப்பு இரண்டு. மழை விட்டு மறுநாள் வெயிலடித்தால் சிவப்பு நிச்சயம். வெயிலுக்கும் காற்றுக்கும் நெஞ்சுக்கும் என்ன பகை? ஒரு சலவைக்காரிக்கு வெயிலும் காற்றும் கூலி வாங்காத வேலையாட்கள். அவர்கள்மேல் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விடுதிக்காரர் இரண்டு விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது? வெள்ளை கேட்டா மஞ்சள் பூசி அனுப்பியிருக்க?"

வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு பக்கம் வெள்ளை. மறுபக்கம் லேசாக, மிக லேசாக, பழுப்பு கலந்த மஞ்சள். விரலால் தேய்த்தால் விரலில் மாவு மாதிரி ஒட்டியது. அவளுக்குக் காது சுட்டது. இத்தனை வருஷத்தில் திரும்பி வந்த முதல் துணி.

"மறுபடி துவைச்சுத் தரேன் சார். சாயந்திரத்துக்குள்ள."

அவர் போன கையோடு அவள் தம்பி வந்தான். நகராட்சியில் மரம் கழிக்கிறவன். கரண்டுக் கம்பியில் உரசுகிற கிளைகளை ஏறி வெட்டுவது அவன் வேலை. இடுப்பில் கயிறும் அரிவாளும் தொங்க, அக்கா வீட்டில் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போக வந்தவன், விரிப்பைப் பார்த்ததும் கிட்டே போய் முகர்ந்தான்.

"இது சவுக்குப் பொடி, அக்கா."

"என்ன பொடி?"

"சவுக்கு பூக்குதுல்ல. ஆண்மரம். அதோட தூளு."

"சவுக்குல ஏதுடா பூவு?"

"ஊசி நுனியில சிவப்பா, திரி மாதிரி இருக்கும். பூன்னா மல்லிகை மாதிரி இருக்கணுமா? அதுக்கு வண்டு வேணாம், தேனீ வேணாம். காத்து ஒன்னு போதும். இந்த வாரத்துல அதுல ஏறுனா எங்களுக்குக் கண்ணு தொறக்காது. மாமா எங்க?"

மாமா உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். இஸ்திரி போடுவதற்கு முன் ஒவ்வொரு விரிப்பையும் இரண்டு மூலையைப் பிடித்துப் படாரென்று ஓர் உதறு உதறுவான். சுருக்கம் பாதி அதிலேயே போய்விடும். அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும். படார். பிறகு இருமல். படார். இருமல்.

அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

களத்தின் ஓரத்தில் பதினோரு சவுக்கு நின்றன. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இந்த இடத்தை வாடகைக்குப் பிடித்தபோது சாலையில் போகிற லாரிப் புழுதி முழுக்கத் துணியில்தான் வந்து படிந்தது. ஏணிதான் கன்று வாங்கிவந்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, வேலி மாதிரி நெருக்கமாக வளர்த்தான். புழுதி நின்றது. "என் புள்ளைங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவான்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வரேன். ஒன்னு காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி போனான்.

சொன்னபடி வந்தான். பனியில் நனைந்திருந்த மரத்தில் ஏறி ஒரு கிளையை ஒடித்து எடுத்துவந்து, அக்கா முகத்துக்கு நேரே பிடித்து உலுக்கினான். நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

"எங்கடா பொடி?"

"வராது. ஈரமா இருக்குறப்ப பூவு வாயத் தொறக்காது. மூடி வச்சிருக்கும். இத சொவத்து மேல வெயில்ல போடு. பத்து மணிக்கு எடுத்து உலுக்கு. மாமா பக்கத்துல இல்லாம பாத்துக்க."

பத்து மணிக்கு அவள் தனியாகப் போய் அந்தக் கிளையை எடுத்தாள். காய்ந்து சலசலத்தது. லேசாகத் தட்டினாள். அடுப்பில் ஈர விறகை வைத்த மாதிரி குபுக்கென்று ஒரு புகை எழும்பியது. பயந்து கையை விட்டாள். காற்று அந்தப் புகையை அப்படியே வாங்கி, கயிற்றில் தொங்கிய விரிப்பு வரிசைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஈர விரிப்பு என்ன செய்யும்? வருகிறதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்ததும் அதை அவள் அழகாக மடித்து, இஸ்திரி மேசையில் அடுக்கி, இந்தா உதறு என்று மூன்று வருஷமாக அவன் மூக்குக்கு நேரே வைத்திருக்கிறாள். அது மட்டுமா? நோயாளி ஆயிற்றே என்று அவன் தலையணை உறையைத் தினம் துவைத்து, நல்ல வெயிலில், நல்ல காற்றில், மரத்தை ஒட்டின கயிற்றில் தனியாகக் காயப்போட்டாள். வெயில் பட்டால் எந்தக் கிருமியும் சாகும் என்று.

விஷயத்தைச் சொன்னபோது ஏணி நம்பவில்லை.

"நான் வச்ச மரம் என்னையவே கொல்லுமா? போடி."

"உன்னையக் கொல்லணும்னு அதுக்கு என்ன வேண்டுதலா? அது பாட்டுக்குப் பூக்குது. நீ நடுவுல மூக்க நீட்டிட்டு நிக்கிற."

"என் மூக்கு அப்படி."

"மூக்கு மட்டுமா அப்படி?"

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அன்றிலிருந்து வேலை முறை மாறியது. வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில் துணி வெளியே போகாது. கொட்டகைக்குள் கயிறு கட்டி, மின்விசிறி போட்டுக் காயவைத்தார்கள். வெயில் வாசனை இல்லை என்று இரண்டு வீட்டில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டாள். மந்தாரமாக, காற்றில்லாமல் இருக்கிற நாளில் மட்டும் வெளியே. தூறல் விழுந்துகொண்டே இருக்கிற நாளில் பொடியெல்லாம் மண்ணோடு படிந்துவிடும், ஏணி தாராளமாகக் களத்தில் நடமாடலாம். தூறல் விட்ட மறுநாள் வெயிலடித்தால் இரண்டு நாள் பொடியும் சேர்ந்து கிளம்பும், அவன் கதவைத் தாண்டக் கூடாது. காலையில் எழுந்ததும் அவள் சவுக்கு ஊசியைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரமா, காய்ந்ததா? பிறகு கயிற்றைப் பார்ப்பாள். ஆடுகிறதா, தொங்குகிறதா? அதை வைத்து அவனுக்கு அன்றைய உத்தரவு.

"இன்னிக்கு எனக்கு வெளிய போக பர்மிஷன் உண்டாங்க மேடம்?"

"ஒன்பது மணி வரைக்கும் உண்டு. அப்புறம் உள்ள போயிரணும்."

பத்து நாள் தலையணை உறையில் சிவப்பு நூல் ஏறவில்லை. அவள் நடையே மாறிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் நின்று, எந்த நாள் எப்படி என்று பஞ்சர்க்கடைக்காரருக்குப் பாடமே எடுத்தாள்.

பதினோராவது நாள் வியாழக்கிழமை. காலையிலிருந்தே புழுக்கம். சவுக்கின் ஒரு ஊசி அசையவில்லை. கயிறு தொங்கிய இடத்தில் தொங்கியது. விடுதியில் ஏதோ கூட்டம் வருகிறதென்று நாற்பத்திரண்டு விரிப்பு சாயந்திரத்துக்குள் வேண்டும் என்றிருந்தார்கள். கொட்டகையில் அத்தனைக்கு இடமில்லை. காற்று இல்லாத நாள்தானே என்று வெளியே செருகினாள். ஏணி உள்ளேதான் இருந்தான்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. கறுத்தது என்றால் சாதாரணக் கறுப்பு இல்லை, கரிப்பெட்டியைக் கவிழ்த்த மாதிரி. எங்கோ உருண்டது. விரிப்பு எல்லாம் முக்கால்வாசி காய்ந்திருந்தது.

சலவைக்காரிக்கு மேகம் கறுத்தால் கால் தானாக ஓடும். அதை யோசித்துச் செய்வதில்லை. கை சுட்டால் இழுத்துக்கொள்கிற மாதிரி.

"யோவ், வா வா! மழை!"

அவன் வாசலில் நின்றான். "வரலாமா?"

"மழை நாளுய்யா! நீலத்துல ஒரு சிவப்பு இருக்கா? வந்து மேல்கயித்த புடி!"

அவன் ஒரே தாவலில் வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பத்து நாளாக உத்தரவு கேட்டுக் கேட்டு வெளியே வந்த ஆள், தன் வேலைக்குத் தன்னைக் கூப்பிட்டார்கள் என்று வந்தான். வலக்கையால் ஒரு வெட்டு, இடத்தோளில் ஒரு விரிப்பு. வெட்டு, விரிப்பு.

அப்போது காற்று வந்தது. மழைக்கு முன்னால் வருகிற காற்று, ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி குளிர்ந்து, தரையோடு தரையாக வந்தது. பதினோரு சவுக்கும் ஒன்றாக வளைந்தன. காலையிலிருந்து காற்றுக்காக வாய் திறந்து காத்திருந்த பூவெல்லாம் ஒரே மூச்சில் கக்கின. மரத்திலிருந்து புகை எழும்பியதை அவள் கண்ணால் பார்த்தாள். மேலே போகவில்லை அது. குளிர்க்காற்று அதைத் தலையில் அடித்து அமுக்கி, களத்துக்குள் திருப்பிவிட்டது. முதல் சொட்டுகள் அதற்குள்ளேயே விழுந்தன. ஏணி அந்தப் புகைக்கு நடுவில், மேல்கயிற்றை அண்ணாந்து பார்த்தபடி, வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"உள்ள போய்யா! விட்டுட்டுப் போ!"

"இன்னும் பத்துதான்டி."

அந்தப் பத்தில் நாலு எடுத்தான். ஐந்தாவதை இழுத்த கை அப்படியே நின்றது. தோளில் இருந்த விரிப்புக் குவியலோடு மெதுவாக மண்ணில் உட்கார்ந்தான். அவள் மருந்தை எடுத்துவந்து வாயில் வைத்தாள். ஒன்று, இரண்டு, நாலு. உள்ளே போகவில்லை. உள்ளே போவதற்கு மூச்சு வேண்டும். இப்போது பூனைக்குட்டிச் சத்தமும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. நெஞ்சு ஏறியது, இறங்கியது, சத்தமில்லை.

பஞ்சர்க்கடைக்காரர் டயர் ஒட்ட வந்திருந்த வண்டிக்காரனை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். மூன்று பேரும் தூக்கி வண்டியில் போட்டார்கள். ஆறடி ஆள், கால் வெளியே தொங்கியது. விரிப்பெல்லாம் சேற்றில் கிடந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வராந்தா முழுக்க ஆள். எல்லோரும் இரைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பஸ் கண்டக்டர் பையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஆயுசுல இது வந்ததில்லீங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் திணறித் திணறிச் சொன்னார். டாக்டரம்மா ஓடிக்கொண்டிருந்தாள். ஏணியின் உதட்டைப் பார்த்ததும் மற்றவர்களை விலக்கி அவனை முதலில் உள்ளே எடுத்தாள். ஊசி, முகத்தில் மூடி, மருந்துப் புகை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பூனைக்குட்டி மறுபடி கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் அழுதாள். இத்தனை நாள் எதைக் கேட்டுப் பயந்தாளோ, அதைக் கேட்டு.

மறுநாள் கூட்டம் குறைந்த பிறகு டாக்டரம்மா வந்து கட்டிலோரம் நின்றாள். சலவைக்காரி இடுப்பில் செருகியிருந்த தலையணை உறையை எடுத்து நீட்டினாள்.

"நீங்க கேட்டதுதாம்மா. மழையில வராதுன்னு இதுதான் சொல்லுச்சு. இத நம்பித்தான் நானே கூப்புட்டேன். நான்தான் கூப்புட்டேன்."

டாக்டரம்மா ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். மஞ்சள் எது, கொக்கி எது என்று கேட்டுக்கொண்டாள்.

"இந்த நீலமெல்லாம் என்ன மழை?"

"தூறல்தாம்மா. விடியக்காலையில புடிச்சு நாள் பூரா பேயும்."

"இடி?"

"இல்ல."

"அவ்வளவுதான். நீங்க தப்பா பாக்கல. அந்த மழைக்கு நீங்க சொன்னது சரி. இது வேற மழை. வெயில்ல காய்ஞ்சு கெடந்த பூவு, அப்புறம் திடீர்னு காத்து, அதோட ஈரம். அந்தத் தூளு சும்மா இருந்தா பெருசு, மூக்கோட நின்னுடும். ஈரம் பட்டா ஊதி வெடிக்கும். வெடிச்ச துணுக்கு நேரா நெஞ்சுக்குள்ள போகும். நேத்து வந்த அத்தனை பேரும் அந்த நேரத்துல வெளிய நின்னவங்க."

"அப்ப மழைன்னா ஒரே மழை இல்லியா?"

"நீங்க துவைக்கிறவங்க. அழுக்குன்னா ஒரே அழுக்கா?"

அவள் தலையை ஆட்டினாள். அது புரிந்தது.

"தினம் காலையும் சாயந்திரமும் இந்த இன்னொரு மருந்த இழுக்கணும். நல்லா இருந்தாலும் இழுக்கணும். இடி மேகம் கூடுச்சுன்னா கதவு, சன்னல் சாத்திட்டு உள்ள இருக்கணும். மழை அடிச்சு முடிஞ்சும் ஒரு மணி நேரம். என்ன ஆனாலும் வெளிய வரக் கூடாது. அடுத்த தடவை வண்டி கெடைக்குமான்னு தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை தம்பிக்கு ஆள் அனுப்பியது. "ரம்பத்தோட வா. பதினொன்னையும் சாய்க்கணும்."

தம்பி வந்தான். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைக் கைகாட்டினான்.

"இத சாய்ச்சிடலாம்க்கா. ஆத்துப் பாலம் வரைக்கும் நகராட்சி வச்சது இருக்கே, இருநூறுக்கு மேல. அதுக்கு யாருகிட்ட மனு கொடுப்ப? அரை மைல் தாண்டி வரும் அந்தப் பொடி. நீ ஆஸ்பத்திரியில பாத்தேன்னு சொன்ன கண்டக்டர் வீட்டுல சவுக்கு இருக்கா?"

"கிட்ட இருக்குறதாவது போகட்டும்."

"போகட்டும்னா வெட்டுறேன். ஆனா லாரிப் புழுதி வரும். அதுவும் மாமா நெஞ்சுக்குத்தான் போகும். எது வேணும்னு நீயே சொல்லு. வேணும்னா மேல்கிளையக் கழிச்சு விடுறேன், அடுத்த வருஷம் பூ கொறையும்."

கட்டிலில் சாய்ந்திருந்த ஏணி அப்போதுதான் வாயைத் திறந்தான். "மரத்த விடுங்கடா. என்னையத்தான் உள்ள வச்சுப் பூட்டப் போறீங்கல்ல."

தம்பி போன பிறகும் அவன் அந்தப் பேச்சை விடவில்லை.

"மேகம் வந்தா துணி எடுக்க முடியாதுன்னா நான் எதுக்குடி? அதுக்கு ஒருத்தன சம்பளத்துக்கு வைக்கலாம். என்னையப் பெட்டியில வச்ச பொம்மையா ஆக்கிட்ட."

"பொம்மைக்குச் சோறு போடுறது மிச்சம். உனக்கு எங்க?"

"வெளையாடாத."

"நான் வெளையாடல. நீ மண்ணுல உக்காந்தப்ப உன் நெஞ்சுல சத்தமே இல்ல. தெரியுமா உனக்கு? தொட்டிக்குள்ள தண்ணி விழுறது நின்னுட்ட மாதிரி. நான் இருபத்திரெண்டு வருஷமா எதிர்முனையப் புடிச்சிட்டு நிக்கிறேன். அந்த முனையில ஒருத்தரும் இல்லன்னா நான் யாரோட பிழியறது?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை இரண்டு பேருக்கும்.

ஒன்பது நாள் கழித்து மறுபடியும் அந்தப் புழுக்கம் வந்தது. விடுதி விரிப்பு முப்பத்தாறு, வாத்தியார் வீட்டுத் திரைச்சீலை, மருந்துக்கடை வெள்ளைக் கோட்டுகள். காலையில் மந்தாரம், காற்றில்லை, எல்லாம் வெளியே இருந்தது. இரண்டு மணிக்கு இஸ்திரி மேசையருகே இருந்தவன் கை நின்றது. மேற்குச் சன்னல் வழியே அவன்தான் முதலில் பார்த்தான்.

அவள் களத்தில் இருந்தாள். மேகத்தைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். அவள் ஒருத்தியாகப் பாதி எடுக்கலாம். ஆனால் அவள் இழுக்க ஆரம்பித்தால் அவன் உள்ளே நிற்க மாட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கையில் ஒரு துணி கனத்தால் அவன் கால் வெளியே வந்துவிடும். எடுத்த துணியை உள்ளே கொண்டுவந்தாலும் அதோடு பொடியும் வரும்.

ஒன்றையும் தொடாமல் உள்ளே வந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். சன்னலைச் சாத்தினாள். கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள். முகத்தையும் கையையும் கழுவிக்கொண்டு, சேலையை மாற்றிக்கொண்டு, கட்டிலில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி பண்ற?"

"உக்காந்திருக்கேன்."

"துணி வெளிய இருக்கு."

"இருக்கட்டும்."

காற்று வந்து கூரைத் தகரத்தை அடித்தது. வெளியே முப்பத்தாறு விரிப்பும் ஒன்றாகப் படபடத்த சத்தம். அவன் எழுந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"மேல்கயிறு அவுந்துரும்டி. இந்தக் காத்துக்குத் தாங்காது."

"அவுழட்டும்."

"திரைச்சீலைக்குச் சாயம் போவும். விரிப்பு மேல விழுந்தா…"

"போவட்டும்."

மழை இறங்கியது. கல்லைக் கொட்டுகிற மாதிரி இறங்கியது. அவன் மறுபடி எழுந்தான். இந்தத் தடவை அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் கை கதவுப் பக்கமே இழுத்தது. பிள்ளை கிணற்றோரம் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்ன மாதிரி. அவளுக்கும் அப்படித்தான். தொடையில் தொடை முட்டிக்கொண்டு இரண்டு பேரும் கேட்டார்கள். தொப் என்று ஒன்று விழுந்தது.

"மூணாவது வரிசை" என்றான் அவன்.

"நாலாவது."

"மூணாவதுடி. வாத்தியார் வீட்டுது. கனமா விழுந்துச்சு பாரு."

மறுபடி ஒன்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "கோட்டு" என்றார்கள். அவன் சிரித்துவிட்டான். அவள் அவன் நெஞ்சில் காதை வைத்தாள். லேசாக ஒரு கீச்சு, அவ்வளவுதான். காற்று உள்ளே போனது, வெளியே வந்தது.

மழை நாற்பது நிமிஷம் அடித்து நின்றது. அதற்கப்புறம் அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். அவன் எழவில்லை.

பிறகு தாழை நீக்கி, தான் மட்டும் வெளியே போய்க் கதவை வெளிப்பக்கம் இழுத்துச் சாத்தினாள். களம் முழுக்கச் சேறு. மேல்கயிறு அறுந்து கிடந்தது. சவுக்கின் கீழே தேங்கின தண்ணீரில் மஞ்சளாக ஏடு கட்டியிருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் விரிப்பைச் சேற்றிலிருந்து உருவினாள்.

சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் வந்தது. விரலால் இடப்பக்கம் காட்டினான். கோட்டு ஒன்று வேலியில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விரித்துத் தொங்கியது. எடுத்தாள். வலப்பக்கம் காட்டினான். அங்கே ஒன்று. தொட்டிக்குப் பின்னால் என்று தலையால் காட்டினான்.

"தெரியுது, தெரியுது! எனக்கும் கண்ணு இருக்கு!" என்று கத்தினாள்.

அவன் ஏதோ சொன்னான். கண்ணாடிக்குள் வாய் மட்டும் அசைந்தது.

"என்ன?"

அவன் சன்னல் கொக்கியில் கை வைத்தான்.

"தொறந்த, கொன்னுருவேன்!"

கை இறங்கியது. கண்ணாடியில் ஊதி மூச்சைப் பனியாக்கி, அதில் விரலால் எண் போட்டுக் காட்டினான். முப்பத்தாறு. அவள் தொட்டியில் எடுத்துப் போட்டதை எண்ணினாள். முப்பத்தைந்துதான். முப்பத்தாறாவது விரிப்பைத் தேடிச் சேற்றில் நடந்தாள். பின்னால், அந்தக் கண்ணாடியில் மறுபடி மறுபடி மூச்சு படிந்து மறைந்துகொண்டிருந்தது.